எட்டு பத்துச் செய்தியில் விட்டுப்போன வரி

டெக்சாஸில் வெல்காவ் என்ற சிற்றூரில் காலை எட்டு பத்துக்கு யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டார்கள். இறைச்சிக் கடையில் அரைக்கிற எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். தீவனக் கடை எடைமேடையில் ஏறிய லாரிக்காரன் சீட்டு வாங்கக்கூட இறங்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில்தான் எல்ராய் வாவ்ரா வானொலியில் சாவுச் செய்தி படிப்பார். நேற்றுவரை பக்கத்தில் நின்று தீவனம் வாங்கியவன் இன்றைக்கு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் மனுஷன் எப்படி வேலைக்குக் கிளம்புவது?

அந்தச் செய்திக்கு ஒரு வரிசை உண்டு. பெயர், வயது, ஜெபமாலை எத்தனை மணிக்கு, பூசை எத்தனை மணிக்கு, எந்தக் கல்லறை. பிறகு செத்தவருக்குப் பிடித்த ஒரு பாட்டு. குடும்பத்தார் கேட்கிற பாட்டு எதுவானாலும் மறுக்கக் கூடாது. ஆனால் அன்பான தகப்பன், தங்கமான மனுஷி என்றெல்லாம் ஒரு சொல் சேர்க்க முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரு வீட்டு மூத்த மகன், "கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட மூத்த மகன்" என்று எழுதிக் கொடுத்து, எல்ராயும் அப்படியே படித்துவிட்டார். அரை மணியில் இளையவன் நிலையத்துக்கு வந்து வாசல் கதவைக் கீலோடு பெயர்த்துவிட்டுப் போனான். அன்றையிலிருந்து வரிசை வரிசைதான்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எட்டு பத்துக்கு ஒலித்த பாட்டுக்கு அப்புறம் ஒரு வருஷம் யாரும் ஆட மாட்டார்கள். ஆட்டக் கொட்டகையில் அந்தப் பாட்டு எழுந்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எண்பத்து மூன்றில் பக்கத்து ஊர் அண்ணன் தம்பி மூவர் குழுவின், ஜோடி சேர்ந்து ஆடுகிற அருமையான வால்ஸ் பாட்டு ஒன்று, ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்காக எட்டு பத்துக்குப் போனது. அந்த வருஷம் முழுக்க அவர்கள் வாசிக்க வாசிக்க ஊர் தொப்பியைக் கழற்றியது. பொங்கலுக்கு உப்பு மறந்த மாதிரி குழுவே சப்பென்று ஆகிக் கலைந்துவிட்டது. வானொலிக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் எல்ராய் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

எல்ராய் நிலையத்தில் சேர்ந்தது எழுபதில், இருபத்தொன்பது வயதில். மாட்டு விலையும் பன்றி விலையும் படிக்கிற வேலை, மீதி நேரம் விளம்பரம் பிடிக்கிற வேலை. பாட்டெல்லாம் பெரிய பாட்டு நிறுவனங்கள் இருக்கிற நாஷ்வில்லிலிருந்து வந்த பட்டியல்படிதான். சனிக்கிழமைகளில் அவர் கொட்டகை கொட்டகையாகப் போவார். அங்கே நாஷ்வில் பாட்டுக்கு நாலு ஜோடி எழுந்தால், உள்ளூர்க்காரன் பாட்டுக்கு நாற்பது ஜோடி எழுந்தது. எழுபத்து நாலில் ஒரு மத்தியானம் பன்றி விலை முடிந்த கையோடு உள்ளூர்ப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். ஹூஸ்டனிலிருந்து முதலாளி போனில் கத்தினார். "யாருய்யா அவன், கொட்டாயில பாடுறவன்?" மறுவாரம் டிராக்டர் கடைக்காரர் தன் விளம்பரத்தைப் பன்றி விலைக்குப் பிந்திய பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்டார். முதலாளி அப்புறம் கத்தவில்லை.

அதன்பின் இருபத்து நாலு வருஷம் அந்த மனுஷர் வேறெதுவும் செய்யவில்லை. நிகழ்ச்சி அதிகாரியானார், பிறகு நிலையத்துக்கே மேலாளரானார். செவ்வாய்க்கிழமை தோறும் அவர் போடுகிற முப்பது பாட்டுப் பட்டியல் டெக்சாஸ் முழுக்க முப்பது நாற்பது நிலையங்களுக்கு ஃபேக்ஸில் போகும். எல்ராய் போட்டதை அவர்களும் போடுவார்கள். இன்றைக்கு விளையாட்டு மைதானம் நிறைகிற அளவு கூட்டம் சேர்க்கிற ஆட்கள் ஒரு காலத்தில் கேசட்டும் கையுமாக அவர் வாசலில் நின்று அவர் மனைவி ஜார்ஜீன் சுட்ட கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டியைத் தின்றவர்கள். நாஷ்வில் நிறுவனம் ஒன்று பெரிய பதவி தருவதாகக் கூப்பிட்டது. போய் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க ஒருத்தனும் ஆட மாட்டேங்கிறான், எல்லாரும் உக்காந்து கேக்குறான்" என்றார்.

இத்தனைக்கும் ஒரே அச்சாணி, சொந்தக்காரன் பாட்டைப் போடுவதில்லை என்பது. எழுபத்தொன்பதில் ஜார்ஜீனின் தம்பி அக்கார்டியன் வாசித்துப் பதிவு செய்த பாட்டையே திருப்பிக் கொடுத்தவர். அந்தத் தம்பி இன்றுவரை கிறிஸ்துமஸுக்கு வருவதில்லை. "எல்ராய் பட்டியலில் காசும் நுழையாது, மச்சானும் நுழைய மாட்டான்" என்று ஊரில் பேச்சு.

இப்போது மகளே பாடகியாகிவிட்டாள்.

லனெலுக்குப் பகலில் தீவனக் கடையின் எடைமேடையில் வேலை. புருஷனைப் பிரிந்து வந்து இரண்டு வருஷம் ஆயிற்று. பெற்றவர் வீட்டுக்குப் பின்னால் கார் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தாள். சாயங்காலம் நாலு பேராகச் சேர்ந்து அந்தக் கார் கொட்டகையிலேயே வாசிப்பார்கள். அந்த வசந்தத்தில் ஒரு பாட்டுப் பதிவு செய்தாள். 'புல்லு நனைஞ்சா நனையட்டும்.' அறுத்த புல் வயலில் கிடக்கிறது, மழை வருகிறது, புருஷன் ஓடப் பார்க்கிறான், பெண்டாட்டி கையைப் பிடித்து ஆடக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. கேட்டவர்கள் கால் தானாகத் தட்டியது. எல்ராய் போடவில்லை.

பக்கத்து மாவட்ட வானொலி நிலையத்து ஹார்லன் டீட்ஸ் ஜூன் மாதம் போன் செய்தார். இருவரும் இருபது வருஷச் சிநேகிதர்கள்.

"எல்ராய், உம்பொண்ணு பாட்டு ஒண்ணு எங்கிட்ட வந்திருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் பட்டியல்ல காணோமே. ஏதும் கோளாறா?"

"கோளாறு ஒண்ணுமில்ல. சொந்தக்காரங்க பாட்டு நான் போடறதில்ல. தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும்யா. அந்த அமரில்லோ நிலையத்துக்காரனுக்குத் தெரியுமா? 'பெத்த அப்பனே போடல, என்ன லட்சணமோ'ன்னு எடுத்து ஓரமா வச்சுட்டானாம்."

எல்ராய் "ம்" என்றார். அதை வீட்டில் சொல்லவில்லை.

லனெலுக்குப் பாட்டு வேலை பிடிக்க இருந்த ஒரே வழி ஆகஸ்ட் மாதம் தீயணைப்புப் படை ஊருக்கு நடத்துகிற பிக்னிக். ஞாயிறு மத்தியானம் வெல்காவ் கொட்டகையில் நடக்கும். சுற்றுவட்டாரத்து ஏழு கொட்டகை மேலாளர்களும் அன்றைக்கு வந்து வடக்குச் சுவரோரம் நிற்பார்கள். மேடையைப் பார்க்க மாட்டார்கள், தரையைத்தான் பார்ப்பார்கள். எந்தக் குழுவுக்குத் தரை நிறைகிறதோ அதற்கு அடுத்த வருஷம் முழுக்க வேலை. தீயணைப்புப் படைத் தலைவர் வில்பர்ட் லனெலுக்கு மூன்றரையிலிருந்து நாலரை வரை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

அந்த வருஷம் தொண்ணூற்றெட்டு. மே மாதத்துக்கப்புறம் ஒரு சொட்டு மழை கிடையாது. குட்டைகள் வெடித்துக் கிடந்தன. மாட்டுக்குப் போடப் புல் இல்லாமல் ஜனங்கள் கள்ளிச் செடியை முள் கருக நெருப்பில் வாட்டி வெட்டிப் போட்டார்கள். ஜூலை நடுவில் ஒரு காலை ஏழேகாலுக்கு ஆல்பீனா குபேனா தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். அவர் புருஷன் எமில் முந்தின நாள் மாலை தொழுவத்தில் சாய்ந்தவர் எழவில்லை.

எல்ராய் எழுந்து நாற்காலி போட்டு, காப்பி ஊற்றிக் கொடுத்து, அட்டையை எடுத்தார். பெயர், எமில் குபேனா. வயது, எழுபத்து நாலு. ஜெபமாலை, பூசை, கல்லறை எல்லாம் எழுதினார்.

"பாட்டு?"

"உம்பொண்ணு பாட்டு. புல்லு நனைஞ்சா நனையட்டும்."

எல்ராயின் பேனா நின்றது. "ஆல்பீனாம்மா, அது புதுப் பாட்டு. எமிலுக்கு அந்தப் பழைய வால்ஸ்னா உசுராச்சே?"

"அவருக்கு எதுல உசுருன்னு நீ எனக்குச் சொல்றியா? நாப்பத்தொம்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டது யாரு, நீயா நானா?"

"இல்ல, அதுக்கில்ல..."

"கேளு. மே மாசம் சர்ச்சு பிக்னிக்ல உம்பொண்ணு பாடிட்டிருக்கா. மேக்க இருட்டிக்கிட்டு வருது. எங்க வயல்ல அறுத்த புல்லு அப்படியே கெடக்கு. அவனவன் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுறான். பதினோரு வருஷமா எங்கூட ஆடாத மனுசன்யா இவரு. முழங்காலு முழங்காலுன்னு ஒக்காந்தே கெடப்பாரு. அன்னிக்கு எந்திரிச்சு கைய நீட்டுறாரு. 'யோவ், புல்லு!'ங்கறேன். 'நனையட்டும்னு அந்தப் புள்ள பாடுதுல்ல'ங்கறாரு. ஒரு அறுப்பு பூராவும் போச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் சிரிப்பு அவருக்கு. கிறுக்கு மனுசன்."

ஆல்பீனா காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"இன்னொண்ணு எழுதிக்க. அப்பவே சொன்னாரு, 'நான் போனா இந்தப் பாட்டப் போடச் சொல்லு. ஒருத்தரும் அழ வேணாம். அவங்கவங்க அடுப்படியிலயே எந்திரிச்சு ஒரு சுத்து ஆடட்டும்'னு. அத அப்படியே படி."

எல்ராய் அப்படியே எழுதிக்கொண்டார்.

எட்டு பத்துக்குப் படித்தார். பெயர், வயது, ஜெபமாலை, பூசை, கல்லறை. கண் அந்தக் கடைசி வரிக்குப் போனது. வாய் இருபத்திரண்டு வருஷமாக நின்று பழகிய இடத்திலேயே நின்றுவிட்டது. பாட்டை ஓடவிட்டார். லனெலின் குரல் முதல் தடவையாக அந்த நிலையத்திலிருந்து கிளம்பிப் போனது. எல்ராய் அட்டையைச் சட்டைப் பையில் செருகிவிட்டு ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உள்ளே ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். தானாகப் போடவில்லை, கேட்டார்கள், போட்டோம். யார் என்ன சொல்ல முடியும்? எண்பத்து மூன்றில் அந்த வால்ஸுக்கு நடந்தது அந்த மூன்றரை நிமிஷமும் அவருக்கு நினைவே வரவில்லை. நினைவு வந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

அன்றைக்கே எடைமேடையில் லாரிக்காரர்கள் லனெலிடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எமிலுக்கு ஏத்த பாட்டும்மா, அறுத்த புல்லப் போட்டபடி போயிட்டாரே மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அப்போது முழுசாக உறைக்கவில்லை. சனிக்கிழமை பகல் ஒரு கல்யாண விருந்தில் உறைத்தது. முதல் அடி வாசித்ததுமே ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் நின்றன. மாப்பிள்ளையின் சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். இரண்டு கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெண்ணின் தாய் மேடைக்கே வந்துவிட்டாள். "ஏம்மா, கல்யாணத்துல பாடற பாட்டா இது? உனக்கே நல்லாருக்கா?"

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சியும் நூடுல்ஸும் வெள்ளரிக்காயும் இருந்தன. லனெல் தட்டைத் தொடவில்லை.

"எண்பத்து மூணு கதைய எத்தன தடவ சொல்லியிருப்பீங்கப்பா?"

எல்ராய் வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"தொப்பியக் கழட்டுற மாதிரி நடிச்சுக் காட்டுவீங்க. நான் சின்னப் புள்ளையில விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்ப என்னப் பாத்துக் கழட்டுறானுங்க."

"அந்தம்மா கேட்டாங்க. எட்டு பத்துல முடியாதுன்னு சொல்ற வழக்கமில்ல."

"எனக்கு ஒரு போன் போட வழக்கமில்லையா? எடைமேடையிலதான இருந்தேன். 'உம்பாட்ட சாவுக்குக் கேக்குறாங்க, போடவா வேணாமா'ன்னு ஒரு வார்த்த. நானே போயி ஆல்பீனாம்மாகிட்ட வேற பாட்டு வாங்கியிருப்பேன்."

"எட்டு பத்துக்கு நேரமாயிருச்சு..."

"ஏழேகாலுக்கு வந்தாங்களாம். அவங்களே சொன்னாங்க."

எல்ராய் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊர்ல இருக்கிற கழுத குதிரை எல்லாத்தையும் பாட வச்சீங்க. பெத்த பொண்ணு பாட்ட இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ போட்டீங்க. அதும் பொணத்துக்கு." அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "பாஸ் கித்தார் வாசிக்கிறவன் பிக்னிக்கோட நின்னுக்கிறானாம். மத்தவனுங்க சொல்லல, ஆனா அதே யோசனைதான். பிக்னிக்ல தரை காலியா கெடந்தா நானும் கித்தார வித்துட்டு எடை போட்டுக்கிட்டே கெடக்குறேன். உங்களுக்கும் நிம்மதி."

பின்கதவு அறைந்தது. ஜார்ஜீன் மகளின் தட்டை எடுத்து அப்படியே அடுப்புக்குள் வைத்து மூடினாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. காப்பி இருக்கும், சாப்பாடு இருக்கும், எதிரே ஆள் இருக்க மாட்டாள்.

பேச்சு துணி துவைத்த நாளில் திரும்ப வந்தது. எல்ராய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது ஜார்ஜீன் கொடிக்கயிற்றருகே நின்றிருந்தாள். போட்ட துணி போட்டவுடனே காய்கிற வெயில். கையில் அந்த அட்டை.

"இது என்ன?"

"எமிலோட அட்டை. பையில இருந்துச்சா?"

"'ஒருத்தரும் அழ வேணாம், எந்திரிச்சு ஒரு சுத்து ஆடட்டும்.' உன் கையெழுத்துதான?"

"ஆமா."

"நான் அன்னிக்கு ரேடியோ கேட்டேனே. இத நீ படிக்கலையே."

"அதெல்லாம் சேக்கறதில்ல ஜார்ஜீன். உனக்குத் தெரியாததா? எழுபத்தாறுல..."

"எழுபத்தாறுல கதவு பேந்துச்சு. தெரியும். இருபத்திரண்டு வருஷமா அந்த ஒத்தக் கதவையே சொல்லிக்கிட்டிருக்க. இப்ப என் வீட்டுக் கதவு பேந்துக்கிட்டிருக்கு, அது கண்ணுக்குத் தெரியல."

"நான் வேணும்னா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணியிருந்தாக்கூட மன்னிச்சிருவேன். நீ எதையுமே வேணும்னு பண்ண மாட்டியே. எந்தம்பிக்கு ஒரு சட்டம், பொண்ணுக்கு ஒரு சட்டம், செத்தவனுக்கு ஒரு சட்டம். எல்லாத்துக்கும் பின்னாடி போயி ஒளிஞ்சுக்குவ. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"

எல்ராய் கயிற்றில் தொங்கிய தன் சட்டையையே பார்த்தார். "பிடிக்கும்."

"எவ்வளவு?"

"கார் கொட்டகை செவுத்துல காத வச்சுக் கேட்டிருக்கேன்."

ஜார்ஜீன் அட்டையை அவர் பையிலேயே திருப்பிச் செருகினாள். "அத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? உள்ள வா, சாப்பாடு ஆறுது" என்றாள்.

பிக்னிக்குக்கு முந்தின வியாழக்கிழமை ஊரில் யாரும் சாகவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் எல்ராய், "இன்று செய்தி எதுவும் இல்லை, ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லி போல்கா என்ற துள்ளல் ஆட்டப் பாட்டு ஒன்றைப் போடுவார். ஊர் மூச்சுவிட்டு வேலைக்குப் போகும். அன்றைக்கு நன்றி சொன்னபின் போல்கா வரவில்லை.

"போன மாசம் எமில் குபேனா செய்தியில நான் ஒரு வரி விட்டுட்டேன்" என்றார் எல்ராய். படிக்கிற குரல் போய்ப் பேசுகிற குரல் வந்திருந்தது. "அவரு வீட்டம்மா சொல்லி நானே எழுதிக்கிட்ட வரி. விட்டது எந்தப்பு. அது இதுதான். ஒருத்தரும் அழ வேணாம். இந்தப் பாட்டு வந்தா அவங்கவங்க அடுப்படியிலயே எந்திரிச்சு ஒரு சுத்து ஆடட்டும். எமில் சொன்னது இது." அட்டையைக் கீழே வைத்தார். "பாடுறது லனெல் வாவ்ரா, எம்பொண்ணு. அன்னிக்கு அவங்க கேட்டுப் போட்டேன். இன்னிக்கு எனக்குப் பிடிச்சுப் போடுறேன்."

பாட்டு முடிந்தது. போன் அடிக்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அடிக்கவே இல்லை. ஒன்பது மணிக்கு அடித்தது. ஹார்லன்.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"கேட்டியா?"

"கேக்காம? இருபத்தெட்டு வருஷமா கட்டுன கோட்டைய ஒரே நாள்ல இடிச்சுட்ட. இன்னி சாயங்காலத்துக்குள்ள என் மச்சான் கேசட்டு உன் மேஜை மேல இருக்கும் பாரு. அவன் பாடுறதுக்கு எருமை தேவலாம்."

"அனுப்பு. கேக்குறேன்."

"பட்டியல்லயும் போடுவியா, உம்பொண்ண?"

"செவ்வாய்க்கிழமை வரும். பத்தொம்போதாவது எடம்."

"அடப்பாவி! போடறதுதான் போடுற, ஒண்ணாம் எடத்துல போட்டா என்ன?"

"அதவிட நல்ல பாட்டு பதினெட்டு இருக்கு, ஹார்லன்."

அந்தப் பத்தொன்பது சாயங்காலத்துக்குள் எடைமேடைக்கும் போய்ச் சேர்ந்தது. லனெல் முதலில் முகம் சிவந்தாளாம். அப்புறம், "பத்தொம்போதுன்னா நெசமாத்தான் போட்டிருக்காரு" என்றாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது பின்கதவை மெதுவாகச் சாத்தினாள்.

பிக்னிக் ஞாயிறு நிழலிலேயே நூற்று மூன்று டிகிரி. கொட்டகைக்குப் பின்னால் இரும்புக் கொப்பரைகளில் இறைச்சிக் குழம்பைப் படகுத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஊறிய முட்டைக்கோஸ் வாசனையும் பீர் வாசனையும் வியர்வையும் கலந்து கிடந்தன. வில்பர்ட் தரையில் சோள மாவைத் தூவிவிட்டுப் போனார், செருப்பு வழுக்கி ஓடுவதற்காக. வடக்குச் சுவரோரம் ஏழு மேலாளர்களும் கையில் தட்டோடு நின்றார்கள்.

வழக்கம்போல் நிலையத்தின் நேரடி ஒலிபரப்பு. எல்ராயின் மேஜை பீர்க் கடைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து மேடை தெரியும், தரை தெரியாது. தேவையுமில்லை. தரைப் பக்கம் ஒரு மைக் இருந்தது. சோள மாவில் பாதணிகள் தேய்கிற சத்தத்தை வைத்தே எத்தனை ஜோடி என்று அவர் சொல்லிவிடுவார்.

லனெல் முதல் பாட்டு பாடினாள், தரை நிறைந்தது. அடுத்தடுத்த பாட்டுகளுக்கும் நிறைந்தது. மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அவள் மைக்கருகே வந்து பேச்சு எதுவும் இல்லாமல் அந்தப் பாட்டைத் தொடங்கினாள். எல்ராய் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். தேய்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றுபோனது. கித்தார் கேட்டது, டிரம் கேட்டது, மகளின் குரல் கேட்டது. தரையில் ஒன்றுமே இல்லை. தொப்பி கழற்றினால் சத்தம் கேட்காது. ஆனால் அவருக்குத் தெரிந்தது.

முதுகில் யாரோ தட்டினார்கள். ஆல்பீனா குபேனா, கறுப்பு உடையில்.

"எந்திரி."

"ஆல்பீனாம்மா, ஒலிபரப்புல இருக்கேன்."

"என் வீட்டுக்காரர் வரிய முழுங்குனது நீ. நீதான் வரணும். எந்திரி."

"நாலு மணிக்கு நிலையத்துப் பேரும் ஊர்ப் பேரும் சொல்லியாவணும். சட்டம். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவ தவறுனதில்ல."

"ஊருக்குத் தெரியும்யா ஊரு பேரு. வா."

எல்ராய் கடிகாரத்தைப் பார்த்தார். மேடையில் மகள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

இருபத்தெட்டு வருஷம் தரையைக் கேட்டவருக்கு ஆடத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. பெரிய தரை, நடுவில் இவர்கள் இருவர் மட்டும். சுற்றிலும் ஜனம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றது. "காலப் பாக்காத, என்னப் பாரு" என்று ஆல்பீனா அதட்டினார். ஒரு சுற்று வந்தார்கள். இரண்டாவது சுற்றில் ஆல்பீனாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, கால் ஒரு அடிகூடப் பிசகவில்லை. "அழ வேணாம்னாரு கிறுக்கு மனுசன், அவருக்கென்ன" என்றார்.

ஜார்ஜீன் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வில்பர்ட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தரைக்கு வந்தாள். வில்பர்ட் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து இன்னொரு ஜோடி. பிறகு எடைமேடை லாரிக்காரன் ஒருவன் பெண்டாட்டியோடு வந்தான். கடைசி அடியை லனெல் இரண்டு தடவை திருப்பிப் பாடினாள். அப்புறமும் விடாமல் முதலிலிருந்து பாடினாள். வடக்குச் சுவரோரம் நின்றவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள், இடம் போதாமல் ஜனம் அவர்கள்மேல் இடித்தது.

பாட்டு முடிந்தபோது நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம். எல்ராய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்புப் பக்கம் பாய்ந்தார். கூட்டம் விடவில்லை. மைக்குகள் திறந்து கிடந்தன, மேஜையில் ஆள் இல்லை.

மேடையில் லனெலும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கை இழுத்தாள். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து மணிக்கு மணி கேட்ட அப்பன் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. அதே நிதானம், அதே இடத்தில் அதே நிறுத்தம். நிலையத்தின் பெயரான நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "வெல்காவ், டெக்சாஸ்" என்று முடித்தாள். ஜனம் சிரித்தது.

"எங்கப்பா ஆடிக்கிட்டிருக்காரு, அதான் நான் சொல்றேன்" என்றாள். "அடுத்ததும் ஆட்டப் பாட்டுதான். தொப்பியப் போட்டுக்குங்க எல்லாரும்."